வலி இல்லை என்று எழுதிய ஐந்து நாட்கள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி மாதத்தில், திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி அமைந்திருந்த ஒரு சிறுவர் வார்ட்டில், தாதியர் பயிற்சி மாணவியர் ஆறு பேருக்குப் புதிய பாடம் ஒன்று தொடங்கப்பட்டது. குணப்படுத்த இயலாத பிள்ளைகளை இறுதிவரை பராமரிப்பது எவ்வாறு என்பதே அந்தப் பாடம். அதைக் கற்பிக்கும் பொறுப்பு வார்ட் சிஸ்டர் குணமணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாடத்துக்கென்று அச்சிட்ட புத்தகம் எதுவும் இல்லை. கொழும்பில் நடந்த மூன்று நாட் கருத்தரங்கில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் மட்டுமே இருந்தன. அவற்றை அவர் வாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தலைப்பும் இட்டு, மிகுந்த கவனத்தோடு ஆயத்தமாகியிருந்தார்.

முதல் நாட் காலையில் அவர் மாணவியரை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்.

"சுகப்படுத்த எங்களால ஏலாது. அதை முதல்ல மனசில வையுங்கோ. ஆனா நோகாமல் வைச்சிருக்க ஏலும். இனி அதுதான் எங்கட வேலை. அந்த ஒண்டிலயாவது பிழை விடக்கூடாது."

ஆளுக்கொரு கட்டில் ஒதுக்கப்பட்டது. ஏழாம் கட்டில் மூதூரைச் சேர்ந்த றம்லாவுக்குக் கிடைத்தது. அதில் படுத்திருந்தவள் சுகந்தினி என்னும் எட்டு வயதுச் சிறுமி. குடாவுக்கு அப்பால் உள்ள கட்டைபறிச்சானிலிருந்து தாயாரோடு லோஞ்ச் என்னும் விசைப்படகில் வந்தவள். வலது முழங்காலுக்கு மேலே எலும்பில் தோன்றிய கட்டி, கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நெஞ்சுக்குள்ளும் பரவிவிட்டிருந்தது. அங்கே இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வார்ட்டுக்குப் பொறுப்பான டொக்டர் கலீலுர் றஹ்மான் அவளுக்கு வலி தணிக்கும் மோர்பின் பாணி மருந்து எழுதியிருந்தார். வலி இருந்தால் மட்டும், நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. வலி இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து எழுதுவது தாதியின் கடமை. அதற்கென்று கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது.

ஐந்து நாட்களாக அந்தத் தாளில் றம்லா ஒரே சொற்களையே எழுதி வந்தார். வலி இல்லை. வலி இல்லை. வலி இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குணமணி தமது சுருக்கக் கையெழுத்தை இட்டார். சுகந்தினி அழுததில்லை. முனகியதில்லை. தலையணையில் கன்னத்தை வைத்துச் சன்னலைப் பார்த்தபடி கிடப்பாள். ஊசி போட்டாலும் இமைகளை மூடித் திறப்பாளே தவிர, வாய் திறக்கமாட்டாள்.

மூன்றாம் நாள் குணமணி மற்ற மாணவியரை ஏழாம் கட்டிலருகே அழைத்து வந்தார்.

"பாருங்கோ. பிள்ளை எவ்வளவு அமைதியா இருக்கிறா. றம்லா நல்லாப் பார்க்கிறா. இப்பிடித்தான் இருக்க வேணும்."

புவனலோஜினி என்ற மாணவிக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய பொறுப்பில் இருந்த இரண்டாம் கட்டில் பையன் தொட்டாலும் கத்துவான், தொடாவிட்டாலும் கத்துவான்.

"சிஸ்டர், என்ட ஆள் லோஞ்சுக்காரன் சனத்தைக் கூப்பிடுற மாதிரிக் கத்துறான். றம்லாவுக்கு மட்டும் பொம்மை குடுத்திருக்கிறீங்க."

"உமக்குக் குடுத்தா அந்தப் பொம்மையும் கத்தும்" என்றார் றம்லா.

"பொம்மை கப்பலோட மட்டும்தான் கதைக்கும். பார்த்தனீங்களே சிஸ்டர்? துறைமுகத்தில கப்பல் ஊதேக்க எல்லாம் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடுவா. கப்பலுக்கு மறுமொழி சொல்லுறா போல" என்றார் புவனலோஜினி.

எல்லோரும் சிரித்தார்கள். குணமணியும் சற்றுச் சிரித்தார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தாயார் ராசமலரும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேளாமலே, மரியாதைக்காகச் சிரித்து வைத்தார்.

ஐந்தாம் நாட் காலை நோயாளரைப் பார்வையிட வந்த டொக்டர், ஏழாம் கட்டிலின் தாளை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தார்.

"அஞ்சு நாளா ஒரு துளி கூடத் தேவைப்படேல்ல. நல்ல விசயம் சிஸ்டர். சத்திரசிகிச்சை வார்ட்டில காயக்காரர் மூண்டு பேர் கிடக்கினம். அங்க மோர்பின் முடிஞ்சுது. ரோட்டால வாற மருந்து இன்னும் ரெண்டு கிழமைக்கு வராதாம். நாளைக் காலமை இந்தப் போத்தலை அங்க அனுப்பிவிடுவம். என்ன?"

"ஓம் டொக்டர்" என்றார் குணமணி. அந்தப் பதிலில் சிறிது பெருமையும் கலந்திருந்ததை அவர் பின்னாளில் தமக்குத் தாமே மறைத்துக்கொள்ளவில்லை.

அன்று நண்பகலுக்குச் சற்று முன்னர், றம்லா சாப்பாட்டுக்குப் போயிருந்த வேளையில், சுகந்தினியின் தலையணை உறையை மாற்றுவதற்காகக் குணமணி தாமே குனிந்தார். பிள்ளையின் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்போது துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று ஊதியது. சன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன.

சுகந்தினியின் வாய் திறந்தது. கொட்டாவி விடும் வாய் அவ்வாறு திறப்பதில்லை. கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்தன. இமைகள் இறுகின. விரல்கள் கட்டிற் கம்பியைப் பிடித்த பிடியில் நகங்கள் வெளுத்தன. ஊதல் நின்றது. நின்ற அதே கணத்தில் வாயும் மூடிக்கொண்டது. முகம் பழையபடி வழவழப்பாயிற்று. பிள்ளை சன்னலைப் பார்த்தது.

கப்பல்கள் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை என்பது துறைமுகத்து மக்களுக்குத் தெரிந்ததே. குணமணி உறையைக் கையில் பிடித்தபடி அசையாமற் காத்திருந்தார். இரண்டாவது ஊதல் எழுந்ததும் தம் காதைப் பிள்ளையின் உதட்டோடு வைத்தார். கப்பலின் ஓசைக்கு உள்ளே, அதனால் முற்றாக மூடப்பட்டு, ஒரு குழந்தையின் அலறல் இருந்தது.

அவர் நிமிர்ந்து தாளை எடுத்தார். வலி இல்லை என்ற சொற்களுக்குப் பக்கத்தில் பதினேழு இடங்களில் தமது கையெழுத்து இருக்கக் கண்டார். பூட்டிய சிறு அலுமாரியைத் திறந்து மருந்தை அளந்து கொண்டுவந்து, அப்போதே ஊட்டினார். ஊட்டும்போது கரண்டி பிள்ளையின் பல்லில் பட்டு ஒலித்தது.

பிறகு றம்லாவை மருந்து கட்டும் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். உரத்துப் பேசவில்லை.

"கப்பல் ஊதேக்க அந்தப் பிள்ளை என்ன செய்யுதெண்டு நீர் கண்டனீரா?"

"ஓம் சிஸ்டர். அழுவா."

"எப்ப கண்டனீர்?"

"முதல் நாளே கண்டன்."

"அப்ப ஏன் நீர் அதை எழுதேல்ல?"

றம்லா விழித்தார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எழுத வேணுமா சிஸ்டர்? அது எல்லாரும் செய்யுறதுதானே. நாங்களும் சின்னதில பங்கர்க் குழிக்குள்ள அப்பிடித்தான் அழுவம். சத்தம் வாற இடத்தத் தேடித்தான் செல் குண்டு வருமெண்டு எங்கட உம்மா சொல்லுவா. அதால வெளியில செல் விழுற சத்தம், பிளேன் போற சத்தம் கேக்கேக்க மட்டும் அழுவம். அது நிண்டா நாங்களும் நிப்பாட்டிருவம். என்ட தங்கச்சி ரெண்டு வயசிலயே பழகிட்டாள்." மெல்லிய குரலில் தொடர்ந்தார். "நல்லா வளர்த்த பிள்ளை எண்டு நினைச்சன். நீங்களும் அமைதியா இருக்கிறா எண்டு சந்தோசப்பட்டீங்க."

குணமணி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

டொக்டரின் அறைக்குப் போய் அவர் எதையும் ஒளிக்காமற் சொன்னார். டொக்டர் கலீலுர் றஹ்மான் கெட்ட மனிதர் அல்லர். இரண்டு இரவுகளாகத் தூங்காதவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டார்:

"காலமை வரைக்கும் நோவில்லை. உங்கட கையெழுத்தும் இருக்கு. இப்ப நோவெண்டு சொல்லுறீங்க. நான் எதை நம்புறது? அந்த வார்ட்டில கத்துறாங்கள் சிஸ்டர். இஞ்ச வரைக்கும் கேக்குது."

"அதுதான் டொக்டர். அங்க கத்துறது கேக்குது. இஞ்ச கத்துறது கேக்கேல்ல."

டொக்டர் கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டார். "நாலு மணிக்கு வாறன். நீங்க குடுத்த மருந்தின்ர வேகமும் அப்ப இறங்கியிருக்கும். பிள்ளை தன்ர வாயால சொல்லட்டும். சொன்னா, நேரத்துக்கு நேரம் குடுக்கச் சொல்லி மாத்தி எழுதித் தாறன். சொல்லாட்டி, போத்தல் அங்க போகும். எனக்கும் வேற வழியில்லை."

சுகந்தினியை வாய் திறக்கச் செய்ய யாரால் முடியும் என்பதில் குணமணிக்கு ஐயம் இருக்கவில்லை. வாயை மூடச் சொன்னவரே திறக்கவும் சொல்ல வேண்டும். ராசமலர் வார்ட்டின் பின்பக்கக் குழாயடியில் மகளின் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். தனியே போவதுதான் குணமணிக்கு எளிதாக இருந்திருக்கும். ஆயினும் றம்லாவையும் புவனலோஜினியையும் உடன் வருமாறு சொன்னார். தாம் விட்ட பிழையை மாணவியருக்கு மறைத்துவிட்டு எதைக் கற்பிப்பது என்ற எண்ணம் அவருக்கு.

அவர் சொன்னதையெல்லாம் ராசமலர் சட்டையைக் கசக்கியபடியே கேட்டார்.

"வேண்டாம் மிஸ். அவளைக் கத்தப் பழக்காதீங்க."

"அவவுக்கு நோகுது ராசமலர்."

"கொஞ்சம் நோகும்தான். அடுத்த கிழமை லோஞ்சில கூட்டிக்கொண்டு போயிருவன். அங்க பங்கருக்குள்ள பதினொரு பேர் மிஸ். இவளுக்கு இளையதுகள் ரெண்டு. இஞ்ச கத்திப் பழகி, அங்க வந்து இவள் ஒருத்தி கத்தினா, மற்றவையளை நான் என்ன செய்யிறது? நீங்க டவுண் ஆக்கள். உங்களுக்கு விளங்காது."

குணமணிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பெண்ணுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதை, வீட்டுக்குப் போகுமளவுக்குச் சுகம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் சொல்லியிருப்பார் என்று டொக்டர் இருந்தார். டொக்டர் சொல்லியிருப்பார் என்று சிஸ்டர் இருந்தார். பெற்றோருக்கு உண்மையைச் சொல்லும் முறை என்ற தலைப்பு குணமணியின் குறிப்புகளில் இருக்கத்தான் செய்தது. அதை அவர் மூன்றாம் வாரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

வெள்ளைச் சீருடையோடு அவர் ஈரச் சீமெந்தில் உட்கார்ந்தார்.

"ராசமலர், சுகந்தினி இனிப் பங்கருக்குப் போகமாட்டா."

கசக்கிய கைகள் நின்றன.

"கொழும்பில சுகமாக்கி அனுப்பேல்ல. அவையால மாத்த ஏலாமல் அனுப்பினவை. எங்களாலயும் ஏலாது. லோஞ்சில போற அளவுக்கு அவவின்ர உடம்பு இனி வராது."

குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராசமலர் எட்டிக் குழாயை இறுக்கினார். சட்டையைப் பிழிந்து உதறி, மீண்டும் பிழிந்தார்.

"எத்தினை நாள்?"

"நாள் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு கிழமை, ரெண்டு கிழமை. மாதக் கணக்கில்லை."

"வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் விட்டது என்ட பிழை."

பின்னால் நின்ற புவனலோஜினி விம்மத் தொடங்கினார். ராசமலர் திரும்பி அவரைப் பார்த்தார். "நீ ஏன் பிள்ளை அழுறாய்? மூக்கைத் துடை. சின்னப்பிள்ளையள் பார்க்கப்போகுதுகள்." பிறகு குணமணியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அவளுக்கு நோகிறது எனக்குத் தெரியும் மிஸ். கொழும்பிலயே தெரியும். கத்த வெளிக்கிட்டவள். நான்தான் வாயைப் பொத்தினனான்."

ராசமலர் எழுந்து, சட்டையைக் கொடியில் போட்டு, சுருக்கங்களை விரலால் நீவினார். "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

நான்கு மணிக்கு டொக்டர் வந்து ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பிள்ளையின் விரல்கள் மீண்டும் கட்டிற் கம்பியைப் பற்றியிருந்தன. துறைமுகத்தில் அன்று பின்னேரம் ஓர் ஓசையும் இல்லை. ராசமலர் மகளின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார்.

"மகள், நொந்தாச் சொல்லு. கத்து. அம்மா ஒண்டும் சொல்லமாட்டன்."

சுகந்தினி தாயாரைப் பார்த்தாள். ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் என்று எண்ணினாள் போலும். தலையை இல்லையென்று அசைத்தாள்.

"இஞ்ச செல் வராது மகள். இது டவுண்."

"பொய்."

"சத்தியமா."

பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கப்பல் ஊதாமலா?"

"ஊதாமத்தான்."

அவள் மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். நம்பவில்லை. டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குணமணி வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற றம்லா கண்களை இறுக மூடிக்கொண்டு, இரு கைகளையும் முட்டியாகப் பிடித்தபடி, வார்ட் முழுவதும் அதிரும்படி ஒரு கூச்சலிட்டார்.

"உம்மாவோ!"

தரை துடைத்துக்கொண்டிருந்த ஊழியரின் கையிலிருந்து வாளி விழுந்தது. இரண்டாம் கட்டில் பையன் தன் அழுகையை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தான். எதிர்க்கட்டிலில் இருந்த ஒரு தாயார் தம் பிள்ளையை இழுத்து மடிக்குள் மறைத்தார். பயிற்சி மாணவி ஒருவர் அந்த வார்ட்டில் அவ்வாறு கத்தியதாக அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சுகந்தினி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை. கூரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், முகம் சிவந்து நின்ற றம்லாவைப் பார்த்தாள். இன்னும் சிறிது காத்திருந்தாள்.

"அம்மா" என்றாள். மெல்லத்தான். பிறகு, "அம்மா, கால்." பிறகு அவளுடைய வாய் நண்பகலில் திறந்தது போலத் திறந்தது. இந்த முறை அதை மூடுவதற்கு எந்தக் கப்பலும் இல்லை. அவள் அழுதாள். எத்தனை மாதத்து அழுகையோ, இருமல் வந்து இடறும்வரை, மீண்டும் தொடங்கி, கேட்டவர்கள் தலை குனியும்படி அழுதாள். ராசமலரின் வலது கை தானாகவே அவளுடைய வாயை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்று, பிள்ளையின் தோளில் இறங்கியது.

டொக்டர் பேனாவை எடுத்தார். வலி இருந்தால் என்ற சொற்களை வெட்டிவிட்டு, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தவறாமல் என்று எழுதினார். பாதி மருந்தை மட்டும் காயமுற்றவர்களுக்கு அனுப்பச் சொன்னார். அவர்களுக்கு வேண்டிய மீதிக்குத் தாமே மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லிவிட்டு, தாளைக் குணமணியிடம் நீட்டினார். குணமணி அதை வாங்கி, பழைய பதினேழு வரிகளின் குறுக்கே கோடிழுத்து, பிழை என்று எழுதிக் கீழே முழுப் பெயரையும் இட்டார். பிறகு றம்லாவை மருந்து அளக்க அனுப்பினார்.

அதன் பின்னர் சுகந்தினி பதினொரு நாட்கள் இருந்தாள். மருந்து நேரத்துக்கு நேரம் போனதால் அழுகை குறைந்தது. ஆனால் வாய் மூடவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்றாள். புவனலோஜினிக்குத் தலைமயிர் வாரி இழுக்கத் தெரியாது என்றாள். குச்சி ஐஸ்பழம் வேண்டுமென்று அரை மணித்தியாலம் இரைந்தாள். டொக்டர் வெயிலில் ஆள் அனுப்பி வாங்கிக் கொடுத்தார். "என்ன வாய் மிஸ் இவளுக்கு" என்று ராசமலர் குறைப்பட்டுக்கொள்வார். மாணவியர் ஏழாம் கட்டிலருகே போகப் பயப்படுவதாக நடிப்பார்கள். பிள்ளை அதற்கும் அதட்டுவாள். வலி எப்போது கூடுகிறது, எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறது என்பதை அவளே றம்லாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். றம்லா அவள் சொன்ன சொற்களிலேயே எழுதினார்.

பன்னிரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை காலை பத்து மணியளவில், தாயாரின் கையை அவள் பிடித்திருக்கையில், மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, பின்பு வரவில்லை. வலி இருக்கவில்லை. அன்று அந்தச் சொற்களை எழுதுவதற்கு முன், குணமணி பிள்ளையின் விரல்களையும் இமைகளையும் கழுத்தையும் தம் கண்ணால் மூன்று முறை பார்த்திருந்தார்.

ராசமலர் அழவில்லை. மகளின் கால்களை நேராக்கினார். காய்ந்த சட்டையை எடுத்து அணிவித்தார். அவருடைய தமையனார் உடலை லோஞ்சில் கொண்டுபோவதற்கான அனுமதிக் கடிதத்துக்காக இறங்குதுறையில் நின்றார். வேலை எல்லாம் முடிந்த பின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ராசமலர் கட்டிலின் விளிம்பில் இருந்தார். முகம் வழவழப்பாக இருந்தது. மாணவியர் ஆறு பேரும் தள்ளி நின்றார்கள். எவ்வளவு தைரியமான தாய் என்று ஒருவர் மற்றவரிடம் மெல்லச் சொன்னார். றம்லா அவரைத் திரும்பிப் பார்க்க, அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

குணமணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ராசமலருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தார். அழுங்கள் என்று சொல்லவில்லை. அழ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"காலமை முகம் துடைக்கேக்க என்னை ஏசினவள் மிஸ்" என்றார் ராசமலர்.

"என்னெண்டு?"

"தண்ணி சூடாம். 'உனக்குக் கண் தெரியாதா, சுடுதெண்டு தெரியாதா' எண்டு." ராசமலர் மூலைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த மூலைக் கட்டிலுக்கும் கேட்டிருக்கும். அவ்வளவு சத்தமாப் பேசினவள்."

"கேட்டது" என்றார் குணமணி. "எனக்கும் கேட்டது."

"கேட்டதுதானே?"

"ஓம். பிறகு? வேற என்ன பேசினவ?"

ராசமலர் கண்ணைத் துடைக்காமலே, மகள் ஏசிய ஏச்சை முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்துகொண்டே போனது.